டாக்டரம்மா, உங்களுக்கு யார் பிரஷர் பார்ப்பார்கள்?

முழு உடல் பரிசோதனை பற்றிய ஒரு கேள்விக்குச் சென்ற இதழில் பதில் எழுதியபோது, "நானும் இந்த மாதம் என் டாக்டரிடம் போய்ப் பரிசோதித்துக்கொண்டு வந்தேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். பதிலைப் பற்றி எழுதியவர்களைவிட அந்த ஒரு வரியைப் பற்றி எழுதியவர்களே அதிகம். ஆகவே இந்த முறை அதைத் தொட்டு வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். மூட்டுவலி, முடி உதிர்தல் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"என் டாக்டரிடம்" என்று எழுதியிருந்தீர்கள். நீங்களே பொதுநல மருத்துவர். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக்கும் நீங்கள்தான் பார்க்கிறீர்கள். உங்கள் கிளினிக்கில் பிரஷர் கருவியும் இருக்கிறது, ரத்தம் எடுக்க ஆளும் இருக்கிறார். உங்களுக்கு எதற்கு இன்னொரு டாக்டர்?
– ஒரு வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

கருவியும் ஆளும் இருப்பது உண்மைதான். ஆனால் தன் முதுகு தனக்குத் தெரியாது என்பதில் டாக்டருக்கு மட்டும் விதிவிலக்கு கிடையாது.

பரிசோதனை என்றால் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, மாலையில் ரிப்போர்ட்டை வாங்கித் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்களை மட்டும் பார்ப்பது என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. அவ்வளவுதான் பரிசோதனை என்றால் எனக்கு இன்னொருவர் தேவையில்லை. ஆனால் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறோம், சென்ற ஆண்டைவிட எடை குறைந்திருந்தால் அது நாமாகக் குறைத்ததா, தானாகக் குறைந்ததா என்பதையெல்லாம் எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. இவற்றை ஒருவர் கேட்க வேண்டும், இன்னொருவர் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் நானே என்றால், எனக்கு வசதியான பதில் கிடைக்கும் வரை கேள்வியை மாற்றிக்கொண்டே போகலாம்.

மருத்துவர்கள் தமக்குத் தாமே வைத்தியம் பார்த்துக்கொள்வதில் இரண்டு விதமான ஆபத்துகள் உண்டு. சிலர் சாதாரணத் தலைவலிக்கே மூளையில் கட்டி என்று முடிவு கட்டி ஸ்கேனுக்கு ஓடுவார்கள். அவர்களைவிட அதிகம் பேர், மேசை இழுப்பறையில் கிடக்கும் மாதிரி மாத்திரைகளில் ஒன்றை எடுத்து விழுங்கிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுவார்கள். நெஞ்சு அடைப்பதை வாயு என்று எண்ணிக்கொண்டு புறநோயாளிகள் பிரிவைப் பார்த்து முடித்த மருத்துவர்களைப் பற்றி எங்கள் தொழிலில் கேள்விப்படாதவர் இல்லை. பிரிட்டனில் மருத்துவர்களைப் பதிவு செய்யும் பொது மருத்துவ மன்றம், ஒவ்வொரு மருத்துவரும் தம் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒரு பொது மருத்துவரிடம் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று தன் நெறிமுறையிலேயே சொல்லியிருக்கிறது. "குடும்பத்துக்கு வெளியே" என்று அவர்கள் குறிப்பிட்டுச் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

என் டாக்டர் கல்லூரியில் எனக்கு மூத்தவர். பெரம்பூரில் சிறிய கிளினிக் வைத்திருக்கிறார். ரிப்போர்ட்டைப் பிரிப்பதற்கு முன்பே, "ராத்திரி எப்போ சாப்பிடுற?" என்று கேட்டார். "கிளினிக் முடிஞ்சப்புறம்தான்" என்றேன். "மணியைச் சொல்லு" என்றார். பதினொன்று என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதன்பிறகு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எண்ணைப் பார்த்தார், 6.1 இருந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5-இலிருந்து நீரிழிவு என்பதை அவர் எனக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த 6.1-ஐயும் இரவு பதினொரு மணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு வேறொருவர் வேண்டியிருந்தது. என் கிளினிக்கிலேயே ரத்தம் எடுத்திருந்தால், எண் கிடைத்திருக்கும், மணி கிடைத்திருக்காது.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் எனக்குப் பிரஷர் 150, 160 என்கிறார்கள். மகன் வாங்கிக் கொடுத்த கருவியில் வீட்டில் பார்த்தால் 130தான் வருகிறது. எதை நம்புவது? டாக்டர்களுக்கும் இப்படி ஏறுமா?
– மீன் வியாபாரம் செய்யும் ஒரு வாசகி, காசிமேடு

ஏறும். எனக்கும் ஏறியது, எப்படி ஏறியது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

ரத்தம் கொடுக்க நான் போனது வடசென்னையிலேயே உள்ள ஒரு பரிசோதனை நிலையம். மாடி ஏறிப் போன கையோடு பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். உயரமான ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். முதுகுக்குச் சாய்மானம் இல்லை, என் கால்கள் தரையைத் தொடவும் இல்லை. பிரஷர் பட்டையை ரவிக்கைக் கையின் மேலேயே சுற்றினார் அந்தப் பெண். கை தொங்கிக்கொண்டிருந்தது. பட்டை இறுக ஆரம்பித்ததும், "சுகர் இருக்கா, தைராய்டு இருக்கா, மென்சஸ் நின்னுடுச்சா" என்று படிவத்தைப் பார்த்து வரிசையாகக் கேட்டார். நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். சிறுநீர் மாதிரிக்கான டப்பாவை இன்னும் தரவில்லையாதலால் அடிவயிறு முட்டிக்கொண்டு நின்றது. கருவி 152/94 என்று காட்டியது. அதை அப்படியே எழுதிக்கொண்டு, "டாக்டரைப் பாருங்க மேடம்" என்று அக்கறையோடு சொல்லி அனுப்பினார்.

இவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனியே பிரஷரைக் கூட்டிக் காட்டும். அளக்கும்போது பேசினாலும், சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலும் மேல் எண் 10 வரை ஏறக்கூடும். கையை மேசையில் இதயத்தின் மட்டத்துக்கு வைக்காமல் மடியில் வைத்தால் மேல் எண் சுமார் 4 அதிகமாகவும், பக்கவாட்டில் தொங்கவிட்டால் சுமார் 6.5 அதிகமாகவும் காட்டுகிறது என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்டார்கள். பட்டை கையின் பருமனுக்குச் சிறியதாக இருந்தாலும் எண் ஏறும். ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். இறுக்கமான ரவிக்கை அங்கே ஒரு கயிறு போலக் கட்டிக்கொள்ளும். தளர்வான கை வைத்த ரவிக்கையோ சுடிதாரோ போட்டுக்கொண்டு போவதுதான் எளிது.

அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்குப் பின்னால் வரிசை மாடிப்படி வரை நின்றது. ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் மேலாளர் அவரைத்தான் கேட்பார். அந்த ஐந்து நிமிடத்தை நிலையம்தான் ஒதுக்கித் தந்திருக்க வேண்டும்.

பெரம்பூரில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னார்கள். சாய்ந்து உட்கார்ந்து, காலை ஊன்றி, ஐந்து நிமிடம் சும்மா இருந்த பிறகு, வெற்றுக் கையில் பட்டை சுற்றி, இடையில் ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை பார்த்தார்கள். 134/84 வந்தது. உயர்வுதான், ஆனால் மாத்திரை எழுதும் உயர்வு அல்ல. முதல் எண்ணை மட்டும் நம்பியிருந்தால் அன்றே எனக்கு மாத்திரை தொடங்கியிருக்கலாம்.

இனி உங்கள் விஷயம். ஆஸ்பத்திரியில் மட்டும் ஏறி, வீட்டில் சரியாக இருப்பதற்கு 'வெள்ளை அங்கி உயர் ரத்த அழுத்தம்' என்று பெயர். அது நிஜமாகவே உண்டு. ஆனால் "ஆஸ்பத்திரிக்குப் போனால் பயத்தில் ஏறுகிறது" என்ற பேச்சில் உண்மையான பிரஷரை ஒளித்து வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் ஓட்டியவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தீர்த்துச் சொல்ல ஒரே வழி, வீட்டில் ஒழுங்காக அளப்பது. விடியற்காலையில் ஏலத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் பார்க்காதீர்கள். டீ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை என ஒரு வாரம் பார்த்து எல்லாவற்றையும் எழுதுங்கள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி பாருங்கள். ஆஸ்பத்திரி அளவுக்கு 140/90 எல்லை என்றால் வீட்டு அளவுக்கு 135/85தான் எல்லை என்பதை மறக்க வேண்டாம். மணிக்கட்டில் கட்டும் கருவியாக இருந்தால் மேற்கையில் சுற்றும் கருவியாக மாற்றிக்கொள்ளுங்கள். அதையும் ஒரு முறை டாக்டரிடம் எடுத்துப் போய் அவருடைய கருவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால், வீட்டில் 130 வருகிறதே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த 130 மாத்திரையால் வந்ததாக இருக்கலாம்.

பணி ஓய்வு பெற்ற எனக்கு, என் மகன் ஆன்லைனில் 80-க்கும் மேற்பட்ட பரிசோதனைகள் கொண்ட பேக்கேஜைப் பதிவு செய்துவிட்டான். நீங்கள் எத்தனை எடுத்துக்கொண்டீர்கள்?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

ஒரு கைவிரல்களுக்குள் அடங்காது, ஆனால் இரண்டு கைக்குள் அடங்கிவிடும். ரத்த அணுக்கள், வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி, கொழுப்பு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கல்லீரல், தைராய்டு, சிறுநீர் ஆகியவைதான். பெண்களுக்கான இரண்டைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பேக்கேஜ்களில் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவது ஒரு தந்திரம். ரத்த அணுக்கள் பரிசோதனை ஒன்றுதான். அதில் வரும் இருபதுக்கும் மேற்பட்ட வரிகளை இருபது பரிசோதனைகள் என்று கணக்கில் சேர்த்துவிடுவார்கள். கொழுப்புக்கும் அப்படியே, ஒரு எண்ணை இன்னொரு எண்ணால் வகுத்து வரும் விகிதம்கூட அங்கே ஒரு 'டெஸ்ட்' ஆகிவிடும்.

அதைவிட முக்கியமான சங்கதி வேறு. ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் 'இயல்பு அளவு' என்பது, பெரும்பாலான பரிசோதனைகளில், ஆரோக்கியமானவர்களில் 100-க்கு 95 பேர் அடங்கும் எல்லை. மீதி ஐந்து பேரும் ஆரோக்கியமானவர்களே, ஆனால் அவர்களுக்குத் தடித்த எழுத்து விழும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரு நோயும் இல்லாத ஆளுக்குச் செய்தால், ஏதாவது ஒன்றாவது எல்லை மீறிக் காட்ட 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பது வெறும் கணக்கு. எனக்கும் கல்லீரல் வரிசையில் எஸ்ஜிபிடி எல்லையைத் தாண்டி மூன்று புள்ளி கூடுதலாக இருந்தது. இந்தக் கணக்கெல்லாம் தெரிந்த நானே அன்று இரவு அந்த வரியை எடுத்து எடுத்துப் பார்த்தேன் என்றால், கணக்குத் தெரியாத ஒருவர் என்ன பாடு படுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பேக்கேஜில் 'கேன்சர் மார்க்கர்' என்று ஏதாவது சேர்த்திருந்தால், எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு அது வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிடுங்கள். சிஇஏ, சிஏ-125 போன்றவை பெரும்பாலும் ஏற்கெனவே கண்டறிந்த புற்றுநோயைக் கண்காணிக்க உதவுபவை. புற்றுநோய் இல்லாதவர்களுக்கும் பல காரணங்களால் அவை கூடலாம். அந்தப் பணத்தில் கண் டாக்டரிடம் போய் விழித்திரையையும் கண்ணழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். செலவே இல்லாத இன்னொன்றும் இருக்கிறது: தையல் டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். நம் நாட்டில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் சர்க்கரை, இதய நோய் இரண்டுக்கும் அது எச்சரிக்கை.

வெறும் வயிறு என்றால் தண்ணீரும் கூடாது என்று பலர் நாவறண்டு வந்து நிற்கிறார்கள். தண்ணீர் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். குடித்தால்தான் நரம்பு எளிதில் கிடைக்கும். பிரஷர் மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை மாத்திரையை மட்டும், சாப்பிடாமல் போடலாமா என்று உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனைக்குக் கூப்பிடுகிறார்கள். வயது 42. எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கூச்சமாக இருப்பதால் தட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறேன். நீங்களும் பெண்தானே, செய்துகொண்டீர்களா?
– ஒரு வாசகி, வியாசர்பாடி

செய்துகொண்டேன், அம்மா. கூச்சம் எனக்கும் இருந்தது. எத்தனையோ பெண்களுக்கு நானே இந்தப் பரிசோதனையைச் செய்திருக்கிறேன் என்பதால் அது ஒரு துளியும் குறையவில்லை. மேலே குழல்விளக்கு, கீழே குளிர்ந்த ரெக்ஸின் மெத்தை, முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டு அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு நிமிடம் பெரிது. எனக்கு உதவியது ஒன்றே ஒன்று. என் டாக்டர் கருவியை வைப்பதற்கு முன்னால், "இப்போ சில்லுன்னு இருக்கும்", "இப்போ கொஞ்சம் அழுத்தும்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்தார். உங்களுக்குச் செய்பவர் சொல்லாவிட்டால், "சொல்லிச் சொல்லிச் செய்யுங்கள் அம்மா" என்று நீங்களே கேளுங்கள். வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். இடுப்பைப் போர்த்திக்கொள்ளத் துணி கேட்கலாம். வீட்டிலிருந்து ஒரு துப்பட்டா எடுத்துப் போனாலும் யாரும் தடுக்க மாட்டார்கள்.

சுகாதார நிலையங்களில் பொதுவாகச் செய்வது மிகவும் எளிமையான பரிசோதனை. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். அங்கேயே முடிவைச் சொல்லிவிடலாம். வெள்ளை தெரிந்தால் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை; அடுத்த கட்டமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவே. மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் 30 வயது முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இதைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மாதவிலக்கு நாள்களில் போக வேண்டாம். தொந்தரவு இல்லை என்பது தள்ளிப்போடக் காரணம் ஆகாது. இந்த நோய் புற்றாக மாறுவதற்கு முன் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். அந்தக் காலத்தில் பிடித்தால் புற்று வராமலே தடுத்துவிடலாம்.

பெண்களுக்கான இன்னொன்று, மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம். அதை எடுக்கப் போகும் நாளில் அக்குளிலும் மார்பிலும் பவுடர் போடாதீர்கள். குளித்துவிட்டுப் பவுடர் போட்டுக்கொண்டு போவதுதானே நம் வழக்கம்? பவுடரின் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகளைப் போல விழுந்து, இல்லாத நோய்க்கு இன்னொரு படம் எடுக்க வைத்துவிடும். அந்த அறையில் எனக்கு முன்னால் இருந்த அம்மாவை இதற்காகவே ஈரத் துணியால் துடைத்துவிட்டு வரச் சொன்னார்கள். முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான் ராயபுரத்தில் செவிலியராக இருக்கிறேன். டாக்டர் என்று தெரிந்ததும் உங்களைத் தனியாகக் கவனித்திருப்பார்களே?
– ஒரு வாசகி, ராயபுரம்

பரிசோதனை நிலையத்தில் நான் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனாலும் தெரிந்துவிட்டது. மாதவிலக்கு, சர்க்கரை எல்லாவற்றையும் கூடம் முழுக்கக் கேட்கும்படி விசாரித்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து என் பழைய நோயாளி ஒருவர், "இன்னாம்மா, உங்களுக்கே சுகரா? அப்ப எங்க கதி இன்னா?" என்று குரல் கொடுத்தார். கூடமே சிரித்தது, நானும் சிரித்தேன். அந்தப் படிவத்தில் இருந்த கேள்விகளை ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் கேட்டிருக்கலாம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சிறுநீர் டப்பாவுக்கு மூடி இல்லை. கழிப்பறையிலிருந்து கவுன்ட்டர் வரை அதை முந்தானையில் மறைத்துப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரையும் தாண்டி நடக்க வேண்டியிருந்தது. 'யூரின் ரொட்டீன்' என்று சீட்டில் எழுத இரண்டு விநாடி போதும். அந்த இரண்டு சொல்லுக்குள் இப்படி ஒரு நடை இருக்கிறது.

தனிக் கவனிப்புக்கு வருகிறேன். நான் படித்த ஸ்டான்லியில், நம் பகுதிப் பெரியவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் அதே இடத்தில், எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். போயிருந்தால் வரிசையில் நிற்காமல் முடிந்திருக்கும். அதனால்தான் போகவில்லை. பெரிய மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும்போது, மரியாதையின் பேரில் கேட்க வேண்டியதைக் கேட்காமலும் தொட்டுப் பார்க்க வேண்டியதைப் பார்க்காமலும் விடுவதை 'விஐபி சிண்ட்ரோம்' என்று 1964-லேயே வெயின்ட்ராப் என்ற மனநல மருத்துவர் எழுதினார். சக டாக்டர் வந்தால் இது இன்னும் எளிதாக நடக்கும். "உங்களுக்குத் தெரியாததா மேடம்" என்ற ஒரு வாக்கியத்தில் முழுப் பரிசோதனையும் முடிந்துவிடும். உங்கள் வார்டில் டாக்டர் ஒருவர் நோயாளியாக வந்தால், மற்றவர்களுக்குக் கேட்கும் கேள்விகளை ஒன்று விடாமல் அவரிடமும் கேளுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துவிடுகிறது. உங்களுக்கு அப்படி ஆகியிருக்காது. நாங்கள் என்ன செய்வது?
– ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

ஆகும் என்று தெரிந்தே ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஆனால் எதை முதலில் எழுதுகிறீர்கள் என்பதில் கவனம் வையுங்கள். எது உண்மையில் பயமுறுத்துகிறதோ அது முதல் வரியில் இருக்க வேண்டும். சளி, தூக்கமின்மை, கால் வலி எல்லாம் பேசிவிட்டு, எழுந்து கதவருகே போன பிறகு, "அப்புறம் டாக்டர், மலத்தில் ரத்தம் போகுது" என்று சொல்பவர்கள் வாரந்தோறும் வருகிறார்கள். அதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிட்டிருப்பார்.

'காலையில் ஒரு மஞ்சள், ராத்திரி ஒரு வெள்ளை' என்று சொல்வதற்குப் பதிலாக, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையே ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்; நாட்டு மருந்தும் சூரணமும் இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள், ஏனென்றால் இந்த ஆண்டின் கிரியாட்டினினைவிட, மூன்றாண்டுகளில் அது எப்படி நகர்ந்திருக்கிறது என்பதே எங்களுக்கு அதிகம் சொல்லும். ஏதாவது தொலைந்திருந்தால், நீங்கள் உள்நோயாளியாக இருந்த இடத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். இந்திய மருத்துவ மன்றத்தின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி அந்த ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.